தகப்பனார் கல்லறையே பிரசங்க பீடம்

எழுப்புதல் வீரர்கள்: ஜான் வெஸ்லி



இந்த மாதம் உங்களை ஒரு கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். எழுப்புதலைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் கல்லறைக்குக் கூப்பிடுகிறாரே என்று நினைக்காதீங்க. எழுப்புதலில் முடிந்த கல்லறை இது. வாங்க, போய் வருவோம்.

இங்கிலாந்து தேசத்தின் கிழக்கே லிங்கன்ஷயர் என்று ஒரு சீமை. அதன் வடமேற்கு ஓரத்தில் எப்வொர்த் என்ற சின்ன ஊர். கடைத்தெருவிலிருந்து மரங்கள் வரிசையாய் நிற்கும் ஒரு பாதை மேட்டை நோக்கி ஏறுகிறது. மேட்டின் மேல் பல நூற்றாண்டு கண்ட கல் கட்டடம் ஒன்று கோபுரத்தோடு நிற்கிறது. அதுதான் பரிசுத்த அந்திரேயா ஆலயம். உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் விசுவாசிகள் இந்த ஆலயத்தைப் பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வெளியே சுவருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கல்லறையைத் தேடிப் போகிறார்கள். மேலே தட்டையான பலகைக் கல் வைத்த பழைய கல்லறை. அதற்குள்ளே இருப்பவர் இந்த ஆலயத்தின் குருவானவராயிருந்த சாமுவேல் வெஸ்லி.

அவர் 40 வருஷம் ஊழியம் செய்து, பெரிய பலன் ஒன்றும் காணாமல் கண்ணை மூடினவர். பின்னே ஏன் இத்தனை பேர் தேடி வருகிறார்கள்? 1742-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம் அவருடைய மகன் அந்தக் கல்லறையின் மேல் ஏறி நின்று பிரசங்கித்தார். அந்த மகன்தான் ஜான் வெஸ்லி. ஆலயத்துக்குள்ளே பிரசங்க பீடம் இருக்க, தகப்பனார் கல்லறையின் மேல் ஏன் ஏறினார்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கதையைத் தகப்பனாரிடமிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

கல்லான நிலம்

1690-களின் கடைசியில் சாமுவேல் வெஸ்லி மனைவி பிள்ளைகளோடு எப்வொர்த்துக்கு வந்தார். அந்தப் பகுதி முன்பு சதுப்பு நிலம். ஏழை ஜனங்கள் அங்கே மீன் பிடித்தும், பறவை பிடித்தும், மாடு மேய்த்தும் பிழைத்து வந்தார்கள். 1620-களில் ராஜாவின் உத்தரவின்படி டச்சுக்காரர்கள் வந்து தண்ணீரை வடித்து நிலமாக்கினார்கள். ஜனங்களின் மேய்ச்சல் உரிமை போயிற்று. அதிலிருந்து அந்த ஊராருக்கு வெளியிலிருந்து வருகிறவன் என்றாலே ஆகாது. அப்படிப்பட்ட ஊருக்குத்தான் படித்த, கண்டிப்பான, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லுகிற இந்தக் குருவானவர் வந்து சேர்ந்தார்.

சாமுவேல் குறையில்லாத மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது. கடன் எப்போதும் கழுத்தளவு. கோபமும் உண்டு. ஆனாலும் கர்த்தருக்கும் சபைக்கும் உண்மையாயிருந்தார். 1705-ல் தேர்தல் சமயத்தில் ஊராருக்குப் பிடிக்காத பக்கம் நின்றார். அவ்வளவுதான்! முப்பது பவுனுக்கும் குறைவான ஒரு கடனை உடனே கட்டு என்று பிடித்து, லிங்கன் கோட்டைச் சிறைச்சாலையில் அடைத்துவிட்டார்கள். அவர் சிறையில் இருக்கும்போது யாரோ ராத்திரியில் வந்து அவருடைய பசுக்களைக் கத்தியால் குத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த மாடுகள்! அவரோ சிறைக்குள்ளேயும் சும்மா இருக்கவில்லை. கைதிகளுக்கு ஜெபம் வாசித்தார், பிரசங்கித்தார்.

யார்க் நகரத்துப் பேராயர் அந்த நாட்களில் சாமுவேலின் மனைவி சூசன்னா அம்மாளைப் பார்த்து, எப்போதாவது சாப்பாட்டுக்கே இல்லாமல் போனதுண்டா என்று விசாரித்தார். அம்மாள் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: அப்பம் இல்லாமல் போனதில்லை, ஆனால் அது கிடைக்கும்வரை படுகிற பாடும், வாங்கின பிறகு கடனை அடைக்கப் படுகிற பாடும் சேர்ந்து அந்த அப்பத்தையே கசப்பாக்கிவிடுகிறது. தாய்மார்களே, உங்களுக்கு இது புரியும். ஊழியக்காரர் வீட்டு அடுப்படியின் கஷ்டம் இன்று நேற்று வந்தது அல்ல.

அக்கினியிலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளை

சாமுவேல், சூசன்னா தம்பதியருக்குப் பிறந்த பிள்ளைகள் 19 பேர். அதில் ஒன்பது பேர் சிசுவிலேயே மரித்துப்போனார்கள். 1703 ஜூன் மாதம் பிறந்தவர் ஜான். 1707 டிசம்பரில் பிறந்தவர் சார்லஸ். பின்னாட்களில் ஆயிரக்கணக்கான கீர்த்தனைகளை எழுதின தம்பி அவர்தான்.

1709 பிப்ரவரி 9-ம் தேதி நடுராத்திரி. மரமும் கூரையுமாய் இருந்த குருமனை தீப்பிடித்து எரிந்தது. சூசன்னா அம்மாள் அப்போது நிறைமாத கர்ப்பிணி. நெருப்பின் ஊடே நடந்து, கையும் முகமும் வெந்து வெளியே வந்தார். வேலைக்காரப் பெண் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். வெளியே வந்து எண்ணிப் பார்த்தால் ஒரு பிள்ளை குறைகிறது. ஐந்தரை வயது ஜான் மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறான்!

தகப்பனார் மாடிப்படியில் ஏறப் பார்த்தார், படிகளே எரிந்துகொண்டிருந்தன. முடியாது என்று தெரிந்ததும் முழங்காலில் விழுந்து பிள்ளையின் ஆத்துமாவைத் தேவனுடைய கையில் ஒப்புக்கொடுத்துவிட்டார். அந்த நேரத்தில் பிள்ளை ஜன்னலில் தெரிந்தான். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவன் சுவரோடு நிற்க, இன்னொருவன் அவன் தோளில் ஏறி, பிள்ளையை ஜன்னல் வழியாய் இழுத்து எடுத்தான். எடுத்த மாத்திரத்தில் கூரை இடிந்து உள்ளே விழுந்தது. பாருங்க, ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் ஜான் வெஸ்லி என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

சாமுவேல் அங்கேயே அக்கம்பக்கத்தாரை முழங்கால்படியிடச் சொன்னார். எட்டுப் பிள்ளைகளும் உயிரோடு கிடைத்துவிட்டார்கள், வீடு போனால் போகட்டும், நான் ஐசுவரியவான்தான் என்று தேவனைத் துதித்தார். அவருடைய புத்தகங்களும் எழுதி வைத்த தாள்களும் எல்லாம் சாம்பலாயின. சகரியா தீர்க்கதரிசி சொல்லுகிற, அக்கினியிலிருந்து தப்புவிக்கப்பட்ட கொள்ளியைப்போல் தான் காப்பாற்றப்பட்டதை ஜான் கடைசிவரை மறக்கவில்லை. செங்கல்லால் திரும்பக் கட்டின அந்த வீடு இன்றும் எப்வொர்த்தில் இருக்கிறது. வருகிறவர்கள் பார்ப்பதற்காக அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம்

அந்த வீட்டில் நடந்த இன்னொரு காரியத்தைச் சொல்லாமல் போக முடியாது. சூசன்னா அம்மாள் தினமும் ஆறு மணி நேரம் பிள்ளைகளுக்குத் தாமே பாடம் சொல்லிக்கொடுத்தார். ஐந்து வயது முடிந்த மறுநாளே எழுத்து தொடங்கும். அது தவிர, வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒரு பிள்ளை என்று முறை வைத்து, அந்தப் பிள்ளையின் ஆத்துமாவைக் குறித்துத் தனியாய் உட்கார்ந்து பேசுவார். ஜானுடைய முறை வியாழக்கிழமை. தீயிலிருந்து தப்பின இந்தப் பிள்ளையின் ஆத்துமாவைக் குறித்து இன்னும் அதிகக் கவனமாயிருப்பேன் என்று அந்தத் தாய் தேவனிடத்தில் பொருத்தனையும் செய்திருந்தார். வளர்ந்து ஆக்ஸ்போர்டில் பெரிய பண்டிதரான பிறகும், அந்த வியாழக்கிழமை நேரத்தில் கொஞ்சத்தை எனக்காக ஒதுக்குங்க அம்மா என்ற அர்த்தத்தில் ஜான் தாயாருக்குக் கடிதம் எழுதினார்.

1711-12 குளிர்காலம். குருமார் மாநாட்டுக்காக சாமுவேல் லண்டனில் இருந்தார். அந்த நாட்களில் சூசன்னா அம்மாள் ஞாயிறு சாயங்காலம் சமையலறையில் தம் பிள்ளைகளுக்கு ஒரு பிரசங்கம் வாசித்து ஜெபம் நடத்தினார். வேலைக்காரர் வந்தார்கள். அவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தார் வந்தார்கள். கடைசியில் 200 பேருக்கு மேல் வந்து, இடம் இல்லாமல் திரும்பிப் போனார்கள். ஆலயத்தில் இருந்த உதவிக்குருவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை கூட்டம் நடத்துகிறாள் என்று லண்டனுக்கு எழுதிவிட்டார். சாமுவேலும் நிறுத்திவிடு என்று எழுதினார். அம்மாள் என்ன பதில் எழுதினார் தெரியுமா? நிறுத்து என்று சும்மா விருப்பம் தெரிவித்தால் போதாது. நாம் இருவரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக நிற்கும்போது அந்த ஆத்துமாக்களின் பழி என்மேல் வராதபடிக்குத் தெளிவாய்க் கட்டளையிடுங்கள், நிறுத்துகிறேன் என்று எழுதினார். சாமுவேல் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் நடந்தது. இதையெல்லாம் எட்டு வயது ஜான் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மகன் வேண்டாம் என்ற பீடம்

1714-ல், பத்து வயதில் ஜான் லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்குப் போனார். 1720-ல் ஆக்ஸ்போர்டு. 1725-ல் உதவிக்குருப் பட்டம். 1726-ல் லிங்கன் கல்லூரியில் ஆசிரியர் பதவி. 1727 முதல் 1729 வரை தகப்பனாருக்கு உதவியாக எப்வொர்த்திலும், அவர் பொறுப்பிலிருந்த பக்கத்து ஊரான ரூட்டிலும் ஊழியம் செய்தார். அப்போது இதே ஆலயத்தில் நின்று பிரசங்கித்தார். இதே பந்தியில் திருவிருந்து பரிமாறினார். ஆனால் 1725-லிருந்து 1729 வரை எவ்வளவோ பிரசங்கித்தும் ஒரு பலனையும் காணவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

பிறகு ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். தம்பி சார்லஸ் அங்கே தொடங்கியிருந்த சிறு குழுவை நடத்தினார். வேதம் வாசித்தார்கள், உபவாசித்தார்கள், சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்தார்கள். எல்லாவற்றுக்கும் நேரம், ஒழுங்கு, முறை. அதனாலே மற்ற மாணவர்கள் கேலியாய் முறைக்காரர்கள் என்ற அர்த்தத்தில் மெதடிஸ்டுகள் என்று கூப்பிட்டார்கள். கேலிப் பேரே பின்னால் ஒரு சபையின் பேராயிற்று!

1734-ன் கடைசியில் சாமுவேல் வயதாகித் தளர்ந்துபோனார். தமக்குப் பிறகு இந்தச் சபையை ஜான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். தான் பாடுபட்ட வேலை பாழாய்ப் போகக்கூடாதே, வயதான மனைவிக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. மகன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆக்ஸ்போர்டில் இருந்தால்தான் என் பரிசுத்தத்தைக் காத்துக்கொள்ள முடியும் என்று இருபதுக்கு மேற்பட்ட காரணங்களை வரிசையாய் எழுதி அனுப்பினார். எண்ணிப் பாருங்க, ஒரு தகப்பனுக்கு அந்தக் கடிதம் எப்படி இருந்திருக்கும்!

1735 ஏப்ரலில் சாமுவேல் மரணப் படுக்கையில் இருந்தார். ஜானும் சார்லசும் பக்கத்தில் இருந்தார்கள். உள்ளத்தில் ஆவியானவர் தரும் சாட்சியே கிறிஸ்தவத்துக்கு மிகப் பெரிய ஆதாரம் என்று ஜானிடம் சொன்னார். அந்நாளில் ஜானுக்கு அது புரியவில்லை. சார்லசின் தலையில் கை வைத்து, இந்த ராஜ்யத்தில் விசுவாசம் மறுபடி உயிர்பெறும், நான் பார்க்க மாட்டேன், நீங்கள் பார்ப்பீர்கள் என்ற பொருளில் சொல்லிவிட்டு, ஏப்ரல் 25-ம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆலயத்தின் முற்றத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் வைத்துப்போன 15 பவுன் பாக்கிக்காக, நிலத்துக்குச் சொந்தக்காரி ஒருத்தி அந்தத் துக்க நாட்களிலேயே வீட்டு ஆடுமாடுகளைப் பிடித்துக்கொண்டாள். சபை வேறொருவர் கைக்குப் போனது. சூசன்னா அம்மாள் வீட்டைக் காலி செய்து பிள்ளைகளிடத்தில் ஒதுங்க வேண்டியதாயிற்று. உலகத்தின் கண்ணில் பார்த்தால் அது தோல்வி. முழுத் தோல்வி.

குளிர்ந்த இருதயம் அனலானது

அதே வருஷம் அக்டோபரில் ஜானும் சார்லசும் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்கு மிஷனெரிகளாய்க் கப்பல் ஏறினார்கள். நடுக்கடலில் புயல் அடித்தபோது ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொரேவிய விசுவாசிகளோ, பெண்களும் பிள்ளைகளும் உட்பட, அமைதியாய்ப் பாடிக்கொண்டிருந்தார்கள். தனக்கு மரண பயம் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை என்பதை ஜான் கண்டார். ஜார்ஜியா ஊழியமும் கசப்பில் முடிந்தது. 1738 பிப்ரவரியில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். மற்றவர்களை மனந்திருப்பப் போன நானே இன்னும் மனந்திரும்பவில்லையே என்று புலம்பினார்.

1738 மே 24-ம் தேதி, புதன்கிழமை. லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். போக மனமில்லாமலேதான் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதின முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஜானுடைய உள்ளத்தில் இதுவரை அறியாத ஒரு அனல் உண்டாயிற்று. கிறிஸ்து தன் பாவங்களையே, தன்னுடைய பாவங்களையே நீக்கினார் என்ற நிச்சயம் வந்தது. தகப்பனார் மரணப் படுக்கையில் சொன்ன அந்த உள்ளான சாட்சி! மூன்று வருஷம் கழித்து மகனுக்குப் புரிந்தது.

1739 புத்தாண்டு விடியற்காலம். ஃபெட்டர் லேன் என்ற இடத்தில் வெஸ்லி சகோதரர்களும் ஜார்ஜ் விட்ஃபீல்டும் ஏறக்குறைய 60 பேரும் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். சுமார் மூன்று மணிக்குத் தேவ வல்லமை பலமாய் இறங்கிற்று. பலர் ஆனந்தத்தால் சத்தமிட்டார்கள், பலர் தரையிலே விழுந்தார்கள். அல்லேலூயா! மூன்று மாதத்தில் ஜான் செய்யவே மாட்டேன் என்று நினைத்திருந்த காரியத்தைச் செய்தார். ஏப்ரல் 2-ம் தேதி பிரிஸ்டல் நகரத்தில் திறந்த வெளியில் நின்று சுமார் 3,000 பேருக்குப் பிரசங்கித்தார். ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாக்களை இரட்சிப்பது பாவம் என்பதுபோல் எண்ணிக்கொண்டிருந்த ஒழுங்குக்காரர் அவர். அவரையே கர்த்தர் வயல்வெளிக்குத் தள்ளினார்.

அடைபட்ட கதவு

இப்போது நாம் எப்வொர்த் ஆலய வாசலுக்குத் திரும்பி வருவோம்.

1742 ஜூன் 5, சனிக்கிழமை. வடக்கே நியூகாசில் போய்த் திரும்பும் வழியில் ஜான் எப்வொர்த்துக்கு வந்தார். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஊரில் யாராவது தன்னைச் சேர்த்துக்கொள்வார்களோ என்று தெரியாமல் ஒரு சத்திரத்தில் தங்கினார். தகப்பனார் வீட்டில் பழைய வேலைக்காரியாயிருந்த ஒரு அம்மாளும் இரண்டு மூன்று ஏழைப் பெண்களும் கேள்விப்பட்டுத் தேடி வந்தார்கள். அவர்கள் மட்டும்தான்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்கு முன்பே ஜான் உதவிக்குரு ராம்லியிடம் போய், ஜெபம் வாசிக்கவோ பிரசங்கிக்கவோ உதவி செய்யட்டுமா என்று தாழ்மையாய்க் கேட்டார். வேண்டாம் என்று ராம்லி மறுத்துவிட்டார். இந்த ராம்லி யார்? சாமுவேல் வெஸ்லியின் அன்பாலே முன்னுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை! சாயங்கால ஆராதனையில் ஜான் பேசுவார் என்று ஊரில் பேச்சு பரவி, ஆலயம் நிரம்பி வழிந்தது. ராம்லியே பீடத்தில் ஏறினார். அன்றைக்கு அவர் எடுத்த பொருள் ஆவியை அவித்துப்போடாதிருப்பதைப் பற்றியது. ஆவியை அவிக்கிற பெரிய ஆபத்து பக்தி வெறிதான் என்று ஜான் கேட்க, அவரைக் குறிவைத்தே பிரசங்கித்தார். ஜான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரியமானவர்களே, கொஞ்சம் நின்று யோசிப்போம். ஏழு வருஷத்துக்கு முன்னே தகப்பனார் கெஞ்சி இந்தப் பீடத்தைக் கொடுக்கப் பார்த்தார். மகன் வேண்டாம் என்றார். இன்று மகன் ஒரே ஒரு தரம் கேட்கிறார். கிடைக்கவில்லை. மனிதன் தள்ளிவிட்ட வாய்ப்பு எப்போதும் திரும்பி வருவதில்லை. ஆனால் கிருபையுள்ள தேவன் வேறொரு பீடத்தை ஆயத்தம் பண்ணியிருந்தார்.

ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது, ஜானோடு வந்த ஜான் டெய்லர் என்பவர் முற்றத்தில் நின்று, இங்கே பிரசங்கிக்க இடம் கொடுக்கவில்லை, ஆகையால் ஆறு மணிக்கு வெஸ்லி இந்த முற்றத்திலேயே பிரசங்கிப்பார் என்று அறிவித்தார். ஆறு மணிக்கு ஜான் வந்தார். ஆலயத்தின் கிழக்குப் பக்கத்தில் தகப்பனார் கல்லறையின் மேல் ஏறி நின்றார். எப்வொர்த் அதுவரை பார்த்திராத ஜனக்கூட்டம். தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல, அது நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினால் உண்டாகும் சந்தோஷமும் என்ற சத்தியத்தை எடுத்துப் பேசினார்.

எட்டு நாள்

ஒரு நாளோடு முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் ஜான் எப்வொர்த்தை விட்டுப் போகவில்லை. பகலில் சுற்றிலும் உள்ள ஊர்களில் பிரசங்கிப்பார், சாயங்காலம் கல்லறைக்கு வருவார். அந்த வாரத்தில் ஒரு சுவையான சம்பவம் அவர் காதில் விழுந்தது. கோபக்காரர்கள் சிலர் மெதடிஸ்டுகளை ஒரு வண்டி நிறைய ஏற்றிப் பக்கத்து நீதிபதியிடம் கொண்டுபோயிருந்தார்கள். இவர்கள் செய்த குற்றம் என்ன என்று நீதிபதி கேட்டார். ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவன், ஐயா, இவர்கள் என் பெண்சாதியை மனந்திருப்பிவிட்டார்கள், முன்னே அவள் வாய் ஓயாது, இப்போது ஆட்டுக்குட்டிபோல் சாதுவாயிருக்கிறாள் என்றான். உடனே நீதிபதி, இவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள், ஊரிலுள்ள வாயாடிகள் எல்லாரையும் மனந்திருப்பட்டும் என்று சொல்லி வழக்கை முடித்தார்!

சனிக்கிழமை சாயங்காலம் நியாயப்பிரமாணத்தின் நீதியையும் விசுவாசத்தின் நீதியையும் பற்றிப் பேசினபோது பலர் செத்தவர்களைப்போல் விழுந்தார்கள். பாவ உணர்வினாலே எழும்பின அழுகைச் சத்தத்தில் பிரசங்கியின் குரலே அமுங்கிப்போயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் எந்த ஆராதனைக்கும் போகாத ஒரு கனவான் அங்கே சிலைபோல் அசையாமல் நின்றார். நீர் பாவிதானா என்று ஜான் அவரைக் கேட்டார். ஆம், போதுமான அளவுக்குப் பாவிதான் என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டு மேலே பார்த்தபடியே நின்றார். மனைவியும் வேலைக்காரரும்தான் அவரை வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஜூன் 13, ஞாயிறு. கடைசி நாள். காலையில் ரூட் ஆலயத்தில் பிரசங்கித்தார். அங்கே குருவாயிருந்தவர் ஜானின் மரித்துப்போன அக்காள் மேரியின் கணவர் வைட்லாம். அவர் கதவைத் திறந்து கொடுத்தார். சாயங்காலம் எப்வொர்த்தில் கல்லறையைச் சுற்றி நாலா ஊர்களிலிருந்தும் ஜனங்கள். ஜானுக்கு அவர்களை விட்டுப் போக மனமில்லை, ஜனங்களுக்கும் மனமில்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் அவர்களோடிருந்தார்.

அன்றைக்கு அவர் தம் நாட்குறிப்பில் எழுதின கருத்துதான் இந்த முழுக் கதையின் இருதயம். உடனே பலன் தெரியவில்லை என்பதற்காக, அன்பினால் செய்த பிரயாசம் வீணாய்ப் போயிற்று என்று ஒருவரும் நினைக்க வேண்டாம் என்று எழுதினார். தகப்பனார் ஏறக்குறைய 40 வருஷம் இங்கே உழைத்தும் கொஞ்சப் பலனே கண்டார். நானும் இந்த ஜனங்கள் நடுவில் பாடுபட்டேன், என் பெலன் வீணாய்ச் செலவழிந்ததுபோல் தோன்றிற்று. இப்போதோ பலன் தோன்றுகிறது என்று எழுதினார். நீண்ட நாட்களுக்கு முன் விதைத்த விதை இப்போது முளைத்து, மனந்திரும்புதலையும் பாவமன்னிப்பையும் கொண்டுவந்தது என்று சாட்சி கொடுத்தார்.

யோசித்துப் பாருங்க. 40 வருஷம் பேசின வாய் அந்தக் கல்லுக்குக் கீழே மண்ணாயிருக்கிறது. அந்தக் கல்லுக்கு மேலே அவருடைய மகன் நிற்கிறார். சுற்றி நின்று அழுகிறவர்களில், மாடுகளைக் குத்தினவர்களும் சிறையில் போட்டவர்களும் வாழ்ந்த அதே ஊரின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பந்தியிலும் இடமில்லை

கதவு பிறகாவது திறந்ததா? இல்லை. 1743 ஜனவரியில் ஜான் மறுபடி எப்வொர்த்துக்கு வந்தார். அந்த ஞாயிறு திருவிருந்து நாள். புதிதாய் மனந்திரும்பின ஜனங்கள் ராம்லியிடம் போய்த் திருவிருந்தில் பங்குபெற அனுமதி கேட்டார்கள். வெஸ்லிக்கு நான் கொடுக்க மாட்டேன், அவர் அதற்குப் பாத்திரர் அல்ல என்று ராம்லி சொல்லி அனுப்பினார். தான் பிறந்த ஊர், தகப்பனார் ஆராதித்த ஆலயம், தானே பலமுறை அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த மேசை. அங்கே அவருக்கு இடமில்லை! ஜான் சண்டைக்குப் போகவில்லை. இப்படி நடக்க இதைவிடப் பொருத்தமான இடம் வானத்தின் கீழ் இல்லை என்று எண்ணி அந்த அவமானத்தை ஏற்றுக்கொண்டார். அந்த முறையும் கல்லறையின் மேல் நின்றே பிரசங்கித்தார்.

இதற்கிடையில் 1742 ஜூலையில் சூசன்னா அம்மாள் லண்டனில் ஜானுடைய ஊழிய வீட்டில் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார். என் உயிர் பிரிந்தவுடனே அழாதேயுங்கள், தேவனுக்குத் துதிப் பாட்டுப் பாடுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் அப்படியே பாடினார்கள். கல்லறைமேல் மகன் பிரசங்கித்த செய்தி நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தாயின் வியாழக்கிழமைகள் வீணாய்ப் போகவில்லை.

விதை எவ்வளவு தூரம் போயிற்று

அதன்பின் ஐம்பது வருஷத்துக்குச் சற்றுக் குறைவாய் ஜான் வெஸ்லி ஓய்வில்லாமல் ஓடினார். குதிரையின் மேலும் வண்டியிலுமாய் சுமார் 2,50,000 மைல் பிரயாணம். 40,000-க்கும் மேற்பட்ட பிரசங்கங்கள். கல்லெறி, கலகம், அடி எல்லாம் பட்டார். 1790 ஜூலையில், 87 வயதில், எப்வொர்த்துக்கு மறுபடி வந்து கடைத்தெருவில் நின்று ஜனங்களை இரட்சிப்புக்கு அழைத்தார். 1791 பிப்ரவரியில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடின வில்பர்ஃபோர்சுக்கு உற்சாகமூட்டிக் கடிதம் எழுதினார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 2-ம் தேதி லண்டனில் மகிமைக்குள் பிரவேசித்தார். அப்போது பிரிட்டனில் மட்டும் அவருடைய சங்கங்களில் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

விதை கடலையும் கடந்தது. 1814-ல் மெதடிஸ்ட் மிஷனெரிகள் இலங்கையில் இறங்கினார்கள். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து, 1817-ல் சென்னைக்கு வந்தார். அமெரிக்காவில் மெதடிஸ்டுகள் நடுவிலிருந்து பரிசுத்த இயக்கம் எழும்பிற்று. அந்த இயக்கத்தின் ஊடாய் வந்த வில்லியம் சீமோர் 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் அசுசா தெருவில் முழங்காலில் நின்றபோது பெந்தெகொஸ்தே எழுப்புதல் பற்றி எரிந்தது. நாம் இன்று கையைத் தட்டி, அந்நிய பாஷையில் பேசி ஆராதிக்கிறோமே, அந்த ஆற்றின் ஒரு ஊற்று எப்வொர்த் சமையலறையில் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வார்த்தை

இதை வாசிக்கிற தாயே, குடிக்கிற மகனுக்காக எத்தனை வருஷமாய் ஜெபிக்கிறீங்க? பத்து வருஷமா, இருபது வருஷமா? சபைக்கே வராத கணவருக்காக ராத்திரியில் பாயில் முழங்காலிட்டு அழுகிற சகோதரியே, கேட்கிறவர் இல்லை என்று நினைக்காதீங்க. கிராமத்தில் ஓலைக் கொட்டகையில் பத்துப் பேருக்குப் பிரசங்கிக்கிற ஊழியக்காரரே, எனக்குப் பிறகு இதை யார் பார்ப்பார் என்று கலங்குகிறீர்களோ? சாமுவேல் வெஸ்லியும் அப்படித்தான் கலங்கினார். அவர் கண்ணால் பலனைக் காணவில்லை. அவர் கல்லறை கண்டது.

பீடம் மறுக்கப்பட்ட சகோதரனே, உனக்கும் ஒரு வார்த்தை. நீ நன்மை செய்தவர்களே உனக்குக் கதவை அடைத்தார்களா? சண்டை போடாதே, சபையை உடைக்காதே. வெளியே முற்றம் இருக்கிறது. முற்றத்தில் ஆத்துமாக்கள் நிற்கிறார்கள். ஆறு மணிக்கு அங்கே போய் நில்லு.

வாலிபப் பிள்ளைகளே, தகப்பன் ஒன்று கொடுக்க விரும்பும்போது உங்களிடமும் இருபது காரணம் இருக்கும். தகப்பனுடைய முகத்தை ஒரு தரம் பாருங்க. பிறகு பதில் எழுதுங்க.

ஜெபிப்போம். பரலோகப் பிதாவே, கண்ணீரோடு விதைத்துவிட்டுப் பலன் காணாமல் சோர்ந்திருக்கிற உம்முடைய பிள்ளைகளைத் தேற்றும். எங்கள் வீட்டுச் சமையலறைகளில் ஜெபச் சத்தம் கேட்கட்டும். எங்கள் பிள்ளைகளை அக்கினியிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாங்கள் பார்க்காவிட்டாலும் அவர்கள் எழுப்புதலைப் பார்க்கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.